இளவேனிலும் காத்திருப்பும்: சிறார் படநூல்களில் பருவ வரவு

எழுத்தறியாத குழந்தையை மடியில் இருத்திப் பெரியவர் ஒருவர் படித்துக்காட்டும் நூல் படநூல் எனப்படுகின்றது. இதனைப் படிப்பவர் ஒருவர். கேட்டும் கண்டும் நுகர்பவர் மற்றொருவர். சொல் பெரியவர் வாயிலிருந்து வருகின்றது. படம் குழந்தையின் கண்ணுக்கு நேரே விரிகின்றது. ஏட்டைப் புரட்டும் கை சில வேளை ஒருவருடையது, சில வேளை மற்றவருடையது. அமெரிக்கப் பதிப்புலகில் இவ்வகை நூல்களுள் இளவேனிலைப் பொருளாகக் கொண்டவை ஒரு தனிக்கிளையாகவே தழைத்துள்ளன. பனிக்காலம் நீண்டு வருத்தும் நிலப்பகுதிகளில், அதன் முடிவை நோக்கியிருக்கும் குழந்தைக்கு இந்நூல்கள் படித்துக்காட்டப்படுகின்றன.

இவற்றைப் பரிந்துரைப்போர் பெரும்பாலும் இவற்றைப் பருவப் பாடங்களாகவே மதிப்பிடுகின்றனர். விதை முளைக்கும், மொட்டு அவிழும், குஞ்சு பொரிக்கும் என்னும் செய்திகளைக் குழந்தை அறிந்துகொள்கின்றதா என்பதே அவர்தம் அளவுகோலாக உள்ளது. இவ்வளவுகோல் போதாதது. விதை முளைக்கும் என்பதைச் சொல்ல ஒரு நூல் வேண்டியதில்லை. ஒரு தொட்டியும் நான்கு பயறும் போதும். படித்துக்காட்டும் பெரியவருக்கு இளவேனில் வரும் என்பது தெரியும். நாற்பது முறை அது வந்ததை அவர் கண்டிருக்கின்றார். மூன்று வயதுக் குழந்தைக்கோ போன ஆண்டின் இளவேனில் நினைவில் இல்லை. ஆகவே வரும் என்பதற்குப் பெரியவரின் சொல்லன்றிக் குழந்தையிடம் வேறு சான்று இல்லை. அறிந்தவர்க்கும் அறியாதவர்க்கும் இடைப்பட்ட இந்த ஏற்றத்தாழ்வை ஒரு நூல் எவ்வாறு கையாள்கின்றது என்பதிலேயே அதன் தரம் அடங்கியுள்ளது. 1945 முதல் 2016 வரை வெளிவந்த சில நூல்களைக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை ஆராய்கின்றது.

அறிந்தவர் பிழைபடுதல்

ரூத் கிராஸ் எழுதி, அவர் கணவர் கிராக்கெட் ஜான்சன் படம் வரைந்த 'தி கேரட் சீட்' 1945இல் வெளிவந்தது. ஏறத்தாழ நூறு சொற்களே கொண்ட நூல் இது. சிறுவன் ஒருவன் ஒரு கேரட் விதையை ஊன்றுகின்றான். முளைக்காது என்கின்றனர் தாயும் தந்தையும் தமையனும். அவன் நாள்தோறும் களை பிடுங்கி நீர் தெளிக்கின்றான். ஒன்றும் முளைக்கவில்லை. வீட்டார் தாம் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கின்றனர். அவன் களை பிடுங்குவதையும் நீர் தெளிப்பதையும் விடவில்லை. ஒருநாள் கேரட் முளைக்கின்றது, அவன் அறிந்திருந்தபடியே.

இளவேனில் என்ற சொல் இந்நூலில் ஓரிடத்தும் இல்லை. எனினும் விதைப்புக் காலத்து நூலாகவே இது வழிவழியாகக் கைமாறி வருகின்றது. இதன் நுட்பம் கதையில் இருப்பதைவிடப் படிக்கும் நிலையில் இருக்கின்றது. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு 'முளைக்காது' என்ற சொல்லைத் தம் வாயால் சொல்ல வேண்டியவர் ஒரு தாயோ தந்தையோ ஆவார். கதைக்குள் ஐயுறும் பெற்றோருக்குக் குரல் கொடுப்பவர் கதைக்கு வெளியே உள்ள பெற்றோர். குழந்தை சிறுவன் பக்கம் சாய்கின்றது. அதனால் தன்னைத் தாங்கியிருப்பவரின் குரலுக்கு எதிர்ப்பக்கம் சாய்கின்றது. பெரியவர் தாமே முன்வந்து தோற்றுத் தருவதற்கு அமைந்த சடங்கு இது எனலாம்.

மூவரின் மறுப்பும் ஒரே தன்மையது அன்று. பெற்றோரின் சொல்லில் ஒரு தயக்கம், பிள்ளை ஏமாந்துவிடக் கூடாதே என்ற கவலை இழையோடுகின்றது. தமையனின் சொல்லில் அது இல்லை. அவன் வெட்டென மறுக்கின்றான். தமிழில் இதனைப் படித்துக்காட்டுவோர் 'முளைக்குமோ என்னவோ' என்பதற்கும் 'முளைக்காது' என்பதற்கும் உள்ள தொலைவைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஐயத்தின் படிநிலைகளைக் காட்ட ஓகாரம் ஒன்றே போதும் என்ற வசதி தமிழுக்கு உண்டு.

ஜான்சனின் படங்களும் இக்கூற்றுக்குத் துணைநிற்கின்றன. மண்ணின் மேற்பரப்பைக் காட்டும் ஒரு கோடு, அதன்மேல் சிறுவன், அவனைச் சுற்றி வெற்றிடம் என்ற அளவிலேயே படம் நின்றுவிடுகின்றது. நிலத்தினுள் விதை என்ன செய்கின்றது என்பதைப் படம் காட்டுவதில்லை. அறிவியல் பாடம் கற்பிக்க முனையும் நூலாயின் முதலில் காட்டியிருப்பது அதனைத்தான். மறைத்ததனாலேயே காத்திருப்பு மெய்யான காத்திருப்பாகின்றது. இறுதியில் சிறுவனின் உருவத்துக்கு ஒப்பான கேரட்டு ஒன்று தள்ளுவண்டியில் செல்கின்றது. இது மிகைதான். ஆயினும் காத்திருந்தவனின் அளவையில் அது மிகையன்று.

நாட்காட்டியைக் கிழித்தல்

ஆர்னால்டு லோபல் எழுதி வரைந்த 'ஃபிராக் அண்டு டோடு ஆர் ஃபிரண்ட்ஸ்' 1970இல் வந்தது. அதன் முதற்கதை 'இளவேனில்' என்னும் பொருள்படும் தலைப்பைக் கொண்டது. தவளை தன் நண்பனாகிய தேரையின் வீட்டுக்கு ஓடுகின்றது. பனி உருகிக்கொண்டிருக்கின்றது. தேரையோ சன்னல்களை அடைத்துக்கொண்டு நவம்பரிலிருந்து உறங்குகின்றது. தவளை அதனைக் கட்டிலிலிருந்து தள்ளிக்கொண்டு வந்து வாயிற்புறத்தில் நிறுத்தி, வெளியே உள்ள ஒளியைக் காட்டுகின்றது. தேரை மீண்டும் படுக்கைக்கே போகின்றது. ஐந்தரை மணிக்கு எழுப்பு என்று சொல்வதுபோல, மே மாதம் பாதி கடந்ததும் எழுப்பு என்கின்றது. மாதத்தை மணியாகக் கருதும் இந்தச் சோம்பல் கணக்கு குழந்தைகளை உடனே சிரிக்கவைப்பது. அதுவரை நான் தனியாக இருக்க வேண்டுமே என்கின்றது தவளை. தேரை உறங்கிவிட்டது.

சுவரில் தேரையின் நாட்காட்டி தொங்குகின்றது. நவம்பர் ஏடே இன்னும் மேலே இருக்கின்றது. தவளை அதைக் கிழிக்கின்றது. தொடர்ந்து டிசம்பர், சனவரி, பிப்ரவரி, மார்ச்சு ஆகியவற்றையும் கிழிக்கின்றது. ஏப்ரல் ஏடு வருகின்றது. உண்மையில் நடப்பது ஏப்ரல் மாதம்தான். தவளை அதையும் கிழித்துவிடுகின்றது. பின்னர் தேரையை எழுப்பி, மே வந்துவிட்டது என்கின்றது. தேரை நாட்காட்டியைப் பார்த்து நம்பி எழுகின்றது. இருவரும் உலகைக் காண வெளியே செல்கின்றனர்.

ஐந்து ஏடுகளைக் கிழித்தது உண்மைக்காக. ஆறாவது ஏட்டைக் கிழித்தது நட்புக்காக. இந்த ஓர் ஏட்டில்தான் கதை நிற்கின்றது. பருவத்தைப் பற்றி ஒருவர் மற்றவரிடம் சொல்லும் பொய் இங்கே கதையின் நடுப்பொருளாகின்றது. அந்தப் பொய்யைக் குழந்தை கண்ணாரக் காண்கின்றது. கிராஸின் நூலில் பெரியவருக்கு எதிர்ப்பக்கம் நின்ற குழந்தை, இங்கே அறிந்தவனாகிய தவளையின் பக்கம், கமுக்கத்தில் பங்காளியாக நிற்கின்றது. வளர்ந்தோரிடம் மட்டும் இருந்த பருவ அறிவு முதன்முறையாகக் குழந்தையின் கைக்கு வருகின்றது; வந்த கணமே அதைக் கொண்டு அன்பு கருதிப் பிறரை ஏய்க்கவும் முடியும் என்று அது கண்டுகொள்கின்றது. இக்கதை பொய்யைக் கற்பிக்கின்றதே என்று அஞ்சுவோர் உண்டாயின், சங்க அகப்பாடல்களின் தோழியையும் அவர்கள் கண்டிக்க வேண்டியிருக்கும்.

பருவமன்று எனல்

தமிழ் அகமரபில் பருவ வரவு ஒரு வாக்குறுதி. இன்ன பருவத்தில் மீள்வேன் என்று தலைவன் சொல்லிச் செல்கின்றான். பருவம் வந்து, அவன் வாராதபோது பாடல் பிறக்கின்றது. முல்லைக்குக் காரும் மாலையும் உரியன எனத் தொல்காப்பியம் வகுக்கின்றது. பாலைக்கு வேனிலும் நண்பகலும் உரியன. ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியில் ஓதலாந்தையார் பாடிய 'இளவேனிற்பத்து' இடம்பெற்றுள்ளது. பூக்களும் குயிலும் வந்தன, வரவேண்டியவர் வரவில்லை என்னும் ஒரே குறை அப்பத்துப் பாடல்களிலும் வெவ்வேறு பூவைச் சுட்டி மீள மீள ஒலிக்கின்றது. மேலைப் படநூல்களில் ஆள் காத்திருக்கப் பருவம் தாழ்க்கின்றது. இங்கே பருவம் வந்துவிட, ஆள் தாழ்க்கின்றார்.

இவ்விரண்டையும் இணைக்கும் இடம் தோழியின் கூற்றாகும். குறுந்தொகை 66ஆம் பாடலில், கொன்றை பூத்ததைக் கண்டு கலங்கும் தலைவியைத் தோழி தேற்றுகின்றாள். இது கார் அன்று. காலமல்லாத காலத்துப் பெய்த மழையைக் காரென மயங்கி இந்த அறியாத மரங்கள் பூத்துவிட்டன என்பது அவள் வாதம். வந்த பருவத்தை வரவில்லை என்கின்றாள் தோழி. வாராத மாதத்தை வந்தது என்கின்றது லோபலின் தவளை. ஒருத்தி காலத்தைப் பின்னுக்குத் தள்ளுகின்றாள்; மற்றது முன்னுக்கு இழுக்கின்றது. காத்திருப்பவரின் துயரைத் தாங்க இயலாமை தோழியின் பொய்க்குக் காரணம்; தானே காத்திருக்க இயலாமை தவளையின் பொய்க்குக் காரணம். இவ்வேறுபாடு சிறிதன்று. தோழியின் பொய்யில் தன்னலம் இல்லை. தவளையின் பொய்யில் தனிமைக்கு அஞ்சும் தன்னலம் உண்டு. குழந்தைக்கு நெருக்கமானது அதுவே.

குறுந்தொகை 21ஆம் பாடல் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. அதன் ஆசிரியரும் ஓதலாந்தையார் என்றே குறிக்கப்பட்டுள்ளார். கொன்றை பூத்த கானம் இது கார் என்று சொன்னாலும் தான் நம்பப்போவதில்லை, ஏனெனில் அவர் பொய் சொல்லமாட்டார் என்கின்றாள் தலைவி. இனி எப்படி ஆற்றுவிப்பது என்று கலங்கிய தோழிக்கு, அவள் சொல்லவேண்டிய பொய்யைத் தலைவி தானே சொல்லிவிடுகின்றாள் என்பது பழைய கூற்றுக் குறிப்புத் தரும் விளக்கம். ஆற்றுவிக்கப்பட வேண்டியவள் ஆற்றுவிப்பவளாகின்றாள். ஐந்தாம் முறையாக ஒரே நூலைக் கேட்கும் குழந்தையின் நிலையும் இத்தகையதே. முடிவு அதற்குத் தெரியும். தெரியாததுபோல் இருந்து, படிப்பவரின் ஆர்வத்தைக் காப்பாற்றுகின்றது.

லோபலின் அடுத்த நூலாகிய 'ஃபிராக் அண்டு டோடு டுகெதர்' 1972இல் வெளிவந்தது. அதிலுள்ள தோட்டக் கதையில் தேரை விதை ஊன்றிவிட்டு, வளருங்கள் என்று கூச்சலிடுகின்றது. விதைகள் அஞ்சியிருக்கும் என்கின்றது தவளை. இருட்டுக்கு அஞ்சுகின்றன போலும் என்று தேரை மெழுகுவத்தி ஏற்றிக் கதை படிக்கின்றது, பாடுகின்றது, வயலின் வாசிக்கின்றது. களைத்து உறங்கி எழும்போது முளை தோன்றியிருக்கின்றது. இவ்வளவு கடின உழைப்பா என்று வியக்கின்றது தேரை. படுக்கையருகே விளக்கை ஏற்றி, அஞ்சும் ஓர் உயிருக்குக் கதை படித்துக்காட்டிக் களைத்துறங்கும் தேரை யாருடைய உருவம் என்பதைப் பெற்றோருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

வாக்குறுதியின் தளர்ச்சி

இவற்றோடு ஒப்பிட, கெவின் ஹென்கஸ் எழுதி, அவர் மனைவி லாரா டிரான்செக் வண்ணம் தீட்டிய 'வென் ஸ்பிரிங் கம்ஸ்' (2016) வேறொரு பாதையில் செல்கின்றது. இளவேனிலுக்கு முன் மரங்கள் கருங்குச்சிகளாய் நிற்கின்றன. பொறுத்திருந்தால் அவை தளிர்க்கும் என்ற அமைப்பு ஏடுதோறும் மாற்றுருக் கொள்கின்றது. ஓவியங்கள் அழகியவை, சொற்கள் ஓசை நயம் உடையவை. இரண்டு வயதுக் குழந்தைக்கு இதனினும் இனிய நூல் அரிது. ஆயினும் குரல் முழுவதும் அறிந்தவருடையது. காத்திருப்பு எவ்வளவு நேரம் நீள்கின்றது? ஏட்டைத் திருப்பும் அளவே. வருமா என்ற ஐயத்துக்கு நூலில் இடமில்லை. ஐயமில்லாத இடத்தில் காத்திருப்பு, வரிசையில் நிற்பதுபோல் ஆகிவிடுகின்றது. பருவப் பாடமாக இந்நூல் முழு வெற்றி பெற்றிருப்பதும், கதையாக மனத்தில் தங்காமற்போவதும் ஒரே காரணத்தால் விளைந்தவை.

ஜூலி ஃபோக்லியானோ எழுதிய 'அண்டு தென் இட்'ஸ் ஸ்பிரிங்' (2012) காலத்தால் நான்காண்டு முந்தியது, தரத்தால் மேலானது. படங்கள் எரின் ஸ்டெட் வரைந்தவை. எங்கும் பழுப்பு நிறம். சிறுவன் ஒருவன் விதைகளை ஊன்றிவிட்டு நாயோடு காத்திருக்கின்றான். மழை பெய்த பின்னும் பழுப்பே. பறவைகள் விதையைத் தின்றிருக்குமோ, கரடிகள் மிதித்திருக்குமோ என்று அவனுக்குக் கவலை. கரடிகளுக்கு மிதிக்காதீர் என்ற அறிவிப்புப் பலகையைப் படிக்கத் தெரியாதே! ஐயம் இங்கே மீள்கின்றது. ஆனால் கிராஸின் நூலில் வெளியிலிருந்து வந்த ஐயம் இங்குக் காத்திருப்பவன் உள்ளத்திலேயே முளைக்கின்றது. பழுப்பு சற்று நம்பிக்கையுள்ள பழுப்பாக மாறுகின்றது. தரையில் காதை வைத்தால் பசுமையின் மெல்லிய முரற்சி கேட்கும் நிலை வருகின்றது. கண்ணுக்கு வருமுன் செவிக்கு வரும் பருவம் இது. கடிகாரத்தையும் நாட்காட்டியையும் அறியாத குழந்தைக்கு, மாற்றம் நிகழும்போது அதனை உணரும் வழி ஒன்றை இந்நூல் தருகின்றது. தரையில் காதை வைத்துப் பார்க்காத குழந்தை இதைக் கேட்டபின் இருக்க வாய்ப்பில்லை.

தமிழில் படித்துக்காட்டல்

இந்நூல்கள் தமிழ்க் குழந்தைகளின் கைக்கு வரும்போது, பெரும்பாலும் ஆங்கில நூலைக் கையில் வைத்துக்கொண்டு பெரியவர் வாய்மொழியாகத் தமிழில் சொல்வதே நடக்கின்றது. இந்த உடனடி மொழிபெயர்ப்பில் இரண்டு சொற்கள் இடறுகின்றன. முதலாவது பனி. முன்பனி, பின்பனி என்னும் பெரும்பொழுதுகளில் உள்ள பனி, புல்நுனியில் நின்று வெயிலேறினால் மறையும் நீர்த்துளி. மாதக்கணக்கில் நிலத்தை மூடிக் கிடக்கும் பொருள் அதுவன்று. உருசிய இலக்கிய மொழிபெயர்ப்புகளில் பயின்ற 'வெண்பனி' இங்குக் கைகொடுக்கும். சோவியத்து ஒன்றியம் 1991இல் கலையும் வரை மாசுகோவில் தமிழில் அச்சாகி, நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வாயிலாகத் தமிழகத்துச் சிற்றூர் வரை சென்ற சிறுவர் நூல்களால், பனி மூடிய நிலத்தைப் படத்தில் கண்டு வளர்ந்த ஒரு தலைமுறை இங்குண்டு.

இரண்டாவது, பருவத்தின் பெயர். இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். அக்னி நட்சத்திரம் அவற்றினுள்ளேயே அடங்குகின்றது. பழுத்த வெயிலில் விளையாடப் போகாதே என்று தடுக்கப்படும் குழந்தைக்கு, இளவேனில் வந்தது, வெளியே வா என்று தவளை அழைப்பது பொருந்தாது. காய்ந்த நிலம் எதிர்பார்த்துக் கிடப்பது தமிழகத்தில் மழையையே. குழந்தைப் பாடல்களிலும் நிலாவும் மழையும் பெற்ற இடத்தை வேனில் பெறவில்லை. ஆகவே இளவேனிலைக் காராக மாற்றிச் சொல்லலாம் என்று சிலருக்குத் தோன்றலாம். அது வேண்டாத வேலை. படத்தில் வெண்பனி கிடக்க வாய் மழையைச் சொல்லுமாயின், கண்ணால் படிக்கும் குழந்தை பெரியவரையே ஐயுறும். 'வசந்தம்' என்ற வழக்குச்சொல்லைக் கையாண்டு, அது வேற்றுநிலத்துப் பருவம் என்று விட்டுவிடுவதே நேர்மையானது. பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குழந்தைகளுக்கு இந்த இடர்ப்பாடு குறைவு. தில்லியில் கம்பளி உடுத்து நடுங்கிய குழந்தை, இலையுதிர்ந்து நிற்கும் முள்ளிலவு மரம் மார்ச்சில் செந்நிறமாய்ப் பூப்பதைத் தெருவிலேயே காண்கின்றது. அதற்கு வசந்தம் ஏட்டுச்சொல் அன்று.

சொற்களைவிடத் தொடரமைப்பு முதன்மையானது என்பதை ரூத் கிராஸின் மற்றொரு நூல் காட்டும். மார்க் சிமோன்ட் வரைந்த 'தி ஹேப்பி டே' (1949) கறுப்பு வெள்ளைப் படங்களால் ஆனது. வெண்பனி பெய்கின்றது; வயல் எலிகளும் கரடிகளும் நத்தைகளும் அணில்களும் உறங்குகின்றன. திடுமென விழிக்கின்றன, மோப்பம் பிடிக்கின்றன, ஓடுகின்றன. எதற்கு என்பது அவற்றுக்கும் தெரியாது, கேட்கும் குழந்தைக்கும் தெரியாது. உரத்துப் படிப்பவரும் ஓட்டத்தில் இழுபட்டு, அறிந்தவர் என்னும் நிலையை இழக்கின்றார். நிற்கின்றன, சிரித்து ஆடுகின்றன. இறுதி ஏட்டில், வெண்பனி நடுவே மஞ்சள் நிறத்தில் ஒரு பூ. உள்ளேடுகளில் கறுப்பு வெள்ளை அல்லாத நிறம் அது ஒன்றே.

இந்த இறுதித் தொடரில் ஆங்கிலம் பூவை முதலில் சொல்லிப் பனியைப் பின்னர்ச் சொல்கின்றது. தமிழின் இயல்பான வரிசையில் இடம் முன்னும் பொருள் பின்னும் வரும். வெண்பனிக்கு நடுவே என்று சொல்லிச் சற்றே நிறுத்தி, குழந்தையின் விரல் படத்தில் மஞ்சளைத் தொடும் வரை பொறுத்துப் பூ என்று முடிக்கலாம். விரல் முந்திக்கொண்டால் அச்சொல்லைக் குழந்தையே சொல்லிவிடும்.